ஜப்பானிய ரியோகானில் ஓர் இரவு: பதிவிலிருந்து வெந்நீர்த் தொட்டி வரை

நீங்கள் கேட்டது இது: மார்ச் மாதம் மனைவியோடும் வயதான பெற்றோரோடும் ஜப்பான் போகிறீர்கள். டோக்கியோ, கியோட்டோ இரண்டிலும் ஹோட்டல் எடுத்தாகிவிட்டது. நடுவில் ஓர் இரவு மட்டும் வெந்நீர் ஊற்றுக் குளியல் உள்ள பழைய பாணி விடுதியில், அதாவது ரியோகானில், தங்க ஆசை. பெற்றோர் சுத்த சைவம். அம்மாவுக்கு முழங்கால் வலி. முன்பின் தெரியாதவர்களோடு உடையில்லாமல் குளிப்பதை நினைத்தாலே வீட்டில் தயக்கம். இதெல்லாம் சரிப்பட்டு வருமா?

தாராளமாக வரும். ஆனால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பேசி முடிவாகிற விஷயம் இல்லை. ஹோட்டலில் அறையை வாடகைக்கு எடுக்கிறோம். ரியோகானில் மாலைக் குளியல், இரவுச் சாப்பாடு, படுக்கை, காலைக் குளியல், காலைச் சாப்பாடு என்று நேரம் குறித்த ஓர் ஏற்பாட்டில் விருந்தாளியாகச் சேர்கிறோம். உங்கள் தலைக்கணக்குப்படி சமையலறை முன்கூட்டியே சாமான் வாங்கிவிடும். அதனால் சைவம், முழங்கால், தனிக் குளியல் மூன்றையும் பதிவு செய்யும்போதே எழுதிவிட வேண்டும். வாசலில் வந்து சொன்னால் எவ்வளவு நல்ல மனது இருந்தாலும் அவர்களால் செய்துகொடுக்க முடியாது.

முதலில் இடம். உங்கள் பாதைக்கு, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்பெற்ற மலைப்பகுதியான ஹக்கோனேதான் பொருத்தம். டோக்கியோ–கியோட்டோ ஷின்கான்சென் (அதிவேக ரயில்) தடத்திலேயே ஒடவாரா நிலையம் இருக்கிறது; டோக்கியோவிலிருந்து சுமார் 35 நிமிடம். அங்கிருந்து ஹக்கோனே-யுமோட்டோவுக்கு உள்ளூர் ரயிலில் கால் மணி நேரம். மறுநாள் திரும்ப ஒடவாரா வந்து அப்படியே கியோட்டோ போய்விடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: ஷின்கான்சென்னில் நொசோமி, ஹிகாரி, கொடாமா என்று மூன்று வகை வண்டிகள் உண்டு. நொசோமி ஒடவாராவில் நிற்காது. கொடாமா எல்லாம் நிற்கும், ஹிகாரியில் சில மட்டுமே நிற்கும். ஒடவாராவில் மாற வேண்டாம் என்றால் ஷின்ஜுகுவிலிருந்து ஒடாக்யூ நிறுவனத்தின் ரொமான்ஸ்கார் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் நேராக யுமோட்டோ.

கியோட்டோ, ஒசாகா பக்கம் தங்க நினைத்தால் ஹ்யோகோ மாகாணத்தின் கினொசாகி இருக்கிறது. அங்கே விடுதிக் குளியலைவிட ஊரின் 7 பொதுக் குளியலகங்கள்தான் பெயர் பெற்றவை. விடுதியில் தங்குபவர்களுக்கு அவற்றில் நுழைவு இலவசம். யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கி உடுத்தி, மரச்செருப்பு மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போய்வருவார்கள். ஆனால் மார்ச்சில் அங்கே நண்டுப் பருவம் இன்னும் முடிந்திருக்காது, சாப்பாடு முழுக்க நண்டைச் சுற்றியே இருக்கும். சைவப் பெற்றோரோடு போக ஏற்ற காலம் அதுவல்ல.

அடுத்தது விலை. ரியோகானில் விலை அறைக்கு இல்லை, தலைக்கு. இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஒருவருக்கு 15,000 முதல் 30,000 யென் வரை என்பது நடுத்தர ரகம். அறைக்குள்ளேயே ஊற்றுத் தண்ணீர்த் தொட்டி வேண்டுமென்றால் பெரும்பாலும் 35,000 யென்னுக்கு மேல். இதற்குத் தனியாகக் குளியல் வரி உண்டு. வழக்கமாக ஆளுக்கு நாளொன்றுக்கு 150 யென், சில ஊர்களில் கூடுதல். சனிக்கிழமை இரவும் விடுமுறைக்கு முந்தின இரவும் விலை ஏறும். அதே அறை, அதே சாப்பாடு, ஞாயிறு முதல் வியாழன் வரை எடுத்தால் கணிசமாகக் குறையும்.

பதிவுத் தளங்களில் பெரும்பாலானோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆள் எண்ணிக்கையை 1 அல்லது 2 என்று விட்டுவிட்டு, அறை ஒன்றுதானே என்று நால்வர் போய் நிற்பார்கள். விடுதியைப் பொறுத்தவரை மீதிப் பேருக்குச் சாப்பாடும் இல்லை, படுக்கையும் இல்லை. எண்ணிக்கையைச் சரியாகப் போடுங்கள். அதேபோல திட்டத்தின் பெயரையும் பாருங்கள்: இரு வேளை உணவுடன், காலை உணவு மட்டும், சாப்பாடே இல்லாத சுதோமாரி என்று மூன்று வகை. விலை குறைவு என்று சுதோமாரி எடுத்துவிட்டு வெளியே சாப்பிடலாம் என்று எண்ணுவது மலையூர்களில் ஆபத்து. மாலை 7 மணிக்கெல்லாம் பல கடைகளில் அடுப்பு அணைந்துவிடும்.

இப்போது சாப்பாடு. உங்கள் குடும்பத்துக்கு உண்மையான சிக்கல் இங்கேதான். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்கிற சாறு. பெரும்பாலும் அது கட்சுவோபுஷியில் இறக்கியது. நம் கரையோரத்திலும் இலங்கையிலும் மாசிக்கருவாடு எந்தச் சூரை மீனில் செய்கிறார்களோ, அதே மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாக உலர்த்திச் சீவியதுதான் கட்சுவோபுஷி. மீன் துண்டு ஒன்றுகூடக் கண்ணில் படாத பண்டங்களிலும் இந்தச் சாறு இருக்கும்: மிசோ சூப், வேகவைத்த காய்கறி, கீரை, முட்டையை ஆவியில் வைக்கும் சவான்முஷி, சுருட்டிய முட்டை, மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, சோபா என்ற நூடுல்ஸுக்கான சாறு. “வெஜிடேரியன்” என்று மட்டும் சொன்னால் பல சமையலறைகள் இறைச்சியையும் மீன் துண்டையும் எடுத்துவிட்டு தாஷியை அப்படியே வைத்திருக்கும். அவர்கள் ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம்; அவர்கள் பார்வையில் தாஷி என்பது நம் வீட்டு உப்புபோல, பண்டத்தின் கணக்கிலேயே வராது.

எனவே என்ன சாப்பிட மாட்டோம், எது சம்மதம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். போகும் நாளுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு, முடிந்தால் பதிவு செய்வதற்கு முன்பே. இந்த மாதிரி எழுதி, மொழிபெயர்த்து அனுப்பலாம்:

“நால்வரில் இருவர் இறைச்சி, மீன், கடல் உணவு எதுவும் சாப்பிட மாட்டார்கள். கட்சுவோ தாஷி உள்ளிட்ட மீன் சாறும் கூடாது. கொம்பு தாஷி, ஷீதாக்கே தாஷி சம்மதம். பால் சம்மதம், முட்டை வேண்டாம். ஜெலட்டின் வேண்டாம், கன்டென் சம்மதம். மற்ற இருவர் மீனும் கோழியும் சாப்பிடுவார்கள், மாட்டிறைச்சி வேண்டாம். இப்படிச் செய்துதர முடியுமா? முடியாவிட்டால் இரவுச் சாப்பாடு இல்லாத திட்டத்துக்கு மாற்றிக்கொள்கிறோம்.”

கொம்பு என்பது கடற்பாசி, ஷீதாக்கே காளான்; இரண்டிலும் நல்ல சாறு இறங்கும், தேர்ந்த சமையல்காரருக்கு இது புதிதல்ல. கன்டென் என்பது ஜெலட்டினுக்குப் பதிலாகக் கடற்பாசியில் செய்யும் அகர். மாட்டிறைச்சியைத் தனியாகக் குறிப்பிடச் சொல்வதற்குக் காரணம், இரவு விருந்தின் நடுநாயகமாக வாக்யு மாட்டிறைச்சி வருவது மிக வழக்கம். கடைசி வரி முக்கியம். முடியாது என்று சொல்ல அவர்களுக்கு வழிவிட்டால்தான் நேர்மையான பதில் வரும். “முடிந்தவரை பார்க்கிறோம்” என்று பதில் வந்தால் அதை மறுப்பாக எடுத்துக்கொண்டு வேறு விடுதி பாருங்கள். நேரில் சொல்ல வேண்டிவந்தால்: “நிகு, சகானா, கட்சுவோ தாஷி வா தபேராரெமாசென்.” இறைச்சி, மீன், கட்சுவோ சாறு சாப்பிட முடியாது என்று பொருள்.

ஹக்கோனேயில் எதுவும் ஒத்துவரவில்லை என்றால் திட்டத்தையே கொஞ்சம் மாற்றி கோயாசான் போவதைப் பரிசீலியுங்கள். 816-இல் துறவி கூக்காய் தொடங்கிய மலை மடங்களின் ஊர் அது. ஐம்பது சொச்சம் கோயில்கள் விருந்தினரைத் தங்கவைக்கின்றன. அங்கே பரிமாறுவது ஷோஜின் உணவு: இறைச்சி, மீன் கிடையாது, வெங்காயம், பூண்டுகூட மரபுப்படி தவிர்க்கப்படும். டாடாமி என்ற கோரைப்பாய் விரித்த அறை, தரைப்படுக்கை எல்லாம் ரியோகான் மாதிரியேதான். ஃபுகுச்சி-இன் என்ற கோயிலில் ஊற்றுத் தண்ணீர்க் குளியலும் இருக்கிறது. ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து நான்காய் ரயில், பிறகு மலையேறும் கேபிள் வண்டி. மார்ச்சில் மேலே குளிர் கடுமையாகவே இருக்கும்.

தண்ணீரைப் பற்றி நம்மூரில் பலர் கேட்பதேயில்லை. ஆனால் ஊற்றுக்குப் போவதே தண்ணீருக்காகத்தான். 1948-இல் வந்த ஜப்பானின் வெந்நீர் ஊற்றுச் சட்டப்படி, பூமியிலிருந்து வரும் இடத்தில் 25 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது பட்டியலிட்ட 19 பொருள்களில் ஏதாவது ஒன்று குறிப்பிட்ட அளவு இருந்தால், அது ஒன்சென். ஆகவே குளிர்ந்த ஊற்றைச் சூடாக்கித் தருவதும் சட்டப்படி ஒன்சென்தான். உடை மாற்றும் அறையின் சுவரில் பகுப்பாய்வுச் சான்று ஒட்டியிருக்கும். தண்ணீரின் வகை, வெப்பம், அமிலத்தன்மை எல்லாம் அதில் உண்டு. 2004-இல் நாகனோ மாகாணத்தின் பேர்பெற்ற ஊற்று ஒன்றில் வெண்மைக்காகக் குளியல் பொடி கலந்தது வெளிவந்து பெரிய பரபரப்பானது. அதன் பிறகு, தண்ணீர் கலக்கிறார்களா, சூடாக்குகிறார்களா, சுழற்சி செய்கிறார்களா, கிருமிநாசினி சேர்க்கிறார்களா என்பதையும் எழுதி ஒட்டுவது கட்டாயமானது. ‘கென்சென் ககெநகாஷி’ என்று போட்டிருந்தால் ஊற்றுத் தண்ணீர் தொட்டியில் விழுந்து வழிந்து ஓடுகிறது, திரும்பிச் சுழல்வதில்லை என்று அர்த்தம். ஒரே விலையில் இரண்டு விடுதி இருந்தால் நான் இதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மலையைப் பார்த்த சன்னலைவிடத் தண்ணீர் முக்கியம்.

தண்ணீர் பத்து வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பெற்றோருக்கு ஏற்றது ‘எளிய ஊற்று’ எனப்படும் தான்ஜுன் வகை, அல்லது உப்புச்சத்துள்ள குளோரைடு வகை. உப்பு வகையில் உடம்புச் சூடு நீண்ட நேரம் தங்கும், குளிர்காலத்துக்கு நல்லது. தவிர்க்க வேண்டியவை கடுமையான அமில ஊற்றும் கந்தக ஊற்றும். குன்மா மாகாணத்தின் குசாட்சு தண்ணீரின் பிஎச் அளவு 2-ஐ ஒட்டியது. அகிடாவின் தமகாவாவில் 1.2. தோல் மென்மையானவர்களும், வயதால் தோல் வறண்டவர்களும் இவ்விரண்டு வகையிலும் இறங்க வேண்டாம் என்று ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. அன்று சவரம் செய்த முகம் எரியும், கண்ணில் பட்டால் தாங்காது. ஹக்கோனேயிலும் ஓவாகுதானி எரிமலைச் சரிவை ஒட்டிய பக்கங்களில் வெள்ளையான கந்தகத் தண்ணீர் வரும் விடுதிகள் உண்டு. யுமோட்டோ பக்கம் பெரும்பாலும் எளிய வகை. பதிவுக்கு முன் விடுதியின் பக்கத்தில் தண்ணீர் வகையைப் பாருங்கள்.

இதில் நம் பெண்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கந்தகத் தண்ணீரில் வெள்ளி மெட்டியும் கொலுசும் நிமிடங்களில் கறுத்துவிடும். நீரிலும் காற்றிலும் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து கறுப்பான வெள்ளி சல்பைடாகப் படிவதுதான் காரணம். 22 காரட் தங்கத்திலும் எட்டு சதவீதத்துக்கு மேல் செம்போ வெள்ளியோ கலந்திருப்பதால் தாலிக்கொடியும் மங்கலாம். கழற்ற மனமில்லாதவர்கள் எளிய வகை ஊற்றுள்ள விடுதியையே எடுத்துவிடுவது நிம்மதி. கழற்றுபவர்கள் குளியலறைக் கூடையில் வைக்காமல் அறையிலுள்ள சிறு பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.

உடையில்லாமல் குளிப்பது பற்றி. பொதுக் குளியலில் ஆண், பெண் தனித்தனி. நீச்சல் உடைக்கு அனுமதி இல்லை. ஆனால் பொதுக் குளியலுக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் கிடையாது. ‘காஷிகிரி புரோ’ என்று கேளுங்கள்: குடும்பத்துக்கென்று உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் தனித் தொட்டி. பொதுவாக 45 முதல் 60 நிமிடம் தருவார்கள். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் சில ஆயிரம் யென். இதையும் முன்பே பதிந்துவையுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் மிஞ்சுவது சாப்பாட்டு நேரத்தோடு மோதுகிற நேரங்களாகவே இருக்கும். அம்மாவுக்கு ஏறி இறங்கத் துணை வேண்டும் என்பதால், உங்கள் மனைவியும் அவரும் சேர்ந்து ஒரு முறை, நீங்களும் அப்பாவும் ஒரு முறை என்று இரண்டு நேரம் எடுப்பது நல்லது. செலவு செய்ய முடிந்தால் அறைக்குள்ளேயே தொட்டி உள்ள அறை. அதிலும் ‘ஒன்சென்’ என்று குறிப்பிட்டிருக்கிறதா பாருங்கள்; வெறும் குழாய்த் தண்ணீர்த் தொட்டிக்கும் அதே மாதிரிப் படம் போடுவார்கள்.

பச்சை குத்தியிருந்தால் அதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். 2015-இல் ஜப்பானின் சுற்றுலா முகமை எடுத்த கணக்கில், பதில் தந்த விடுதிகளில் பாதிக்கு மேல் பச்சை குத்தியவர்களைப் பொதுக் குளியலில் அனுமதிப்பதில்லை என்று தெரிந்தது. குற்றக் கும்பல்களோடு அதைச் சேர்த்துப் பார்த்த பழைய வழக்கத்தின் மிச்சம் இது. பாட்டி காலத்தில் முன்கையில் குத்திய கோலப் பச்சைக்கும் இது பொருந்தும். மருதாணிகூடத் தூரத்திலிருந்து பச்சை மாதிரியே தெரியும். பயணத்துக்கு முந்தின வாரம் கை நிறைய வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. சிறியதென்றால் தோல் நிற ஒட்டியால் மறைக்கச் சொல்வார்கள். பெரியதென்றால் தனித் தொட்டிதான். கினொசாகியின் ஏழு குளியலகங்களிலும் இந்தத் தடை இல்லை.

அன்றைய நாள் எப்படிப் போகும் என்று வரிசையாகச் சொல்கிறேன். அறை பொதுவாக 3 மணிக்குத் திறக்கும். 3-க்கும் 4-க்கும் நடுவில் போய்ச் சேருங்கள். 5 மணிக்கு மேல் போனால் குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஓட வேண்டியிருக்கும். கொடுத்த பணத்தில் பாதி வீண். தாமதமானால் கட்டாயம் தொலைபேசியில் சொல்லுங்கள். சாப்பாட்டின் கடைசி நேரம் தாண்டிவிட்டால் அது ரத்து, பணமும் திரும்பாது. நிலையத்திலிருந்து வேன் அனுப்பும் விடுதியென்றால் எந்த ரயிலில் வருகிறீர்கள் என்பதை முதல் நாளே தெரிவிக்க வேண்டும்.

வாசலில் ஒரு படி உயரம் இருக்கும். செருப்பை, ஷூவைப் படிக்குக் கீழேயே கழற்றி, வெறுங்காலைக் கீழ்த்தரையில் வைக்காமல் மேலே ஏற வேண்டும். நடைக்கூடத்துக்கு விடுதிச் செருப்பு. டாடாமி பாய் விரித்த அறைக்குள் அதுவும் கூடாது, காலுறையோ வெறுங்காலோதான். கழிப்பறைக்கு உள்ளேயே தனிச் செருப்பு கிடக்கும். அதைப் போட்டபடி வெளியே வந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. சக்கரப் பெட்டியைப் பாய்மேல் உருட்டினால் பின்னல் கிழிந்துபோகும், தூக்கித்தான் வைக்க வேண்டும். சுவரில் ஓவியம் தொங்கும், பூ வைத்த மாடம் இருக்கும். அதற்குப் பெயர் தொக்கொனோமா. பெட்டி வைக்க வசதியான இடம்போலத் தெரியும், ஆனால் அங்கே எதையும் வைக்கக் கூடாது. ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவரின் பாஸ்போர்ட் எண்ணைப் பதிவது சட்டம். நகல் எடுக்கக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

அறைப் பணியாளரை நகாய்-சான் என்பார்கள். அவர் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும் கொண்டுவருவார், அல்லது மேசைமேல் தயாராக இருக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டே குளிக்கப் போங்கள். வெறும் வயிற்றில் சூடான நீரில் உட்கார்ந்தால் தலை சுற்றும். அந்த இனிப்பு அங்கே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று அப்போதே கேட்பார். 6 அல்லது 6:30 என்று சொல்லிவிட்டுத் தனிக் குளியலை 4:30-க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

யுகாதா கட்டுவது எளிது. வலது மடலை முதலில் உடம்போடு மடித்து, இடது மடல் அதன் மேலே வரவேண்டும். ஆண், பெண் எல்லோருக்கும் அப்படித்தான். மாற்றிக் கட்டுவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. பார்த்தால் பணியாளர் பதறிப்போய்த் திருத்துவார். கச்சையை ஆண்கள் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகவும், பெண்கள் இடுப்பிலும் கட்டுவார்கள். உள்ளாடை போட்டுக்கொள்ளலாம். நீளம் கணுக்கால்வரை இருந்தால் சரி. குட்டையாக இருந்தால் பெரிய அளவு கேட்டு வாங்குங்கள். இதை உடுத்தியபடியே சாப்பாட்டுக் கூடத்துக்கும் போகலாம்.

பொதுக் குளியலுக்குப் போவதானால், வாசலில் தொங்கும் துணித்திரைதான் வழிகாட்டி. பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்: ஆணுக்கான எழுத்தின் மேல்பாதியில் நாலு கட்டங்கள் கொண்ட சதுரம் இருக்கும். பெண்ணுக்கான எழுத்தில் கட்டம் எதுவும் இல்லை, குறுக்கே வெட்டும் கோடுகள் மட்டும். பல விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் நடுவில் இரு பக்கத்தையும் மாற்றிவிடுவார்கள், எல்லோரும் இரண்டு குளியலறையையும் அனுபவிக்கட்டும் என்று. நேற்று போன கதவு என்று தூக்கக் கலக்கத்தில் காலையில் உள்ளே போனால் பெரிய தர்மசங்கடமாகிவிடும்.

உள்ளே கூடையில் எல்லா உடையையும் களைந்து வைத்துவிட்டு, பெரிய துவாலையையும் அங்கேயே விட்டுவிட்டு, சின்னத் துவாலையை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நடக்கும்போது அதை முன்னால் பிடித்துக்கொள்வது வழக்கம், கூச்சம் பாதி அதிலேயே குறையும். குழாய் வரிசையின் முன்னால் சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு முழுவதும் தேய்த்துக் குளித்து, நுரை ஒரு துளியும் இல்லாமல் அலச வேண்டும். நின்றுகொண்டு ஷவர் பிடித்தால் பக்கத்தில் இருப்பவர்மேல் தெறிக்கும். நீளக் கூந்தலை உச்சியில் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், தொட்டித் தண்ணீரில் படக்கூடாது. தலையில் எண்ணெய் இருந்தால் நன்றாகப் போகும்வரை ஷாம்பு போடுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைச் சின்ன வாளியில் மொண்டு, பாதத்தில் தொடங்கி முழங்கால், இடுப்பு, தோள் என்று மேலேறி ஊற்றிக்கொள்ளுங்கள். சூட்டுக்கு உடம்பைப் பழக்கும் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக இறங்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று மாறும்.

தொட்டியில் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி இருக்கும். மெதுவாக இறங்கி, முதலில் இடுப்பளவு, பிறகு தோளளவு. துவாலையைத் தண்ணீரில் நனைக்காமல் மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். உள்ளே சோப்பு, துணி, நீச்சல் எதுவும் கூடாது. முதல் முறை 3 முதல் 10 நிமிடம் போதும். நெற்றியில் வியர்வை பூத்ததும் எழுந்து ஓரத்தில் உட்காருங்கள், வேண்டுமென்றால் திரும்ப இறங்கலாம். முடித்ததும் ஊற்றுத் தண்ணீரைக் குழாய்த் தண்ணீரால் கழுவாமல் அப்படியே துடைப்பதே வழக்கம். கடும் அமிலமோ கந்தகமோ என்றால் மட்டும் அலசிவிடுங்கள். உடை மாற்றும் அறைக்குள் வருமுன், பிழிந்த சின்னத் துவாலையால் உடம்பைத் துடைத்துவிட்டு வரவேண்டும், இல்லையென்றால் தரை முழுக்க ஈரமாகும். குளித்தபின் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

அப்பாவுக்கு இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் 42 டிகிரியும் அதற்கு மேலும் உள்ள தொட்டியைத் தவிர்க்க வேண்டும். குளிர்ந்த உடைமாற்று அறையிலிருந்து திடீரென்று சூட்டுக்குப் போவதும், சாப்பிட்ட உடனேயோ மது அருந்திவிட்டோ இறங்குவதும், நீண்ட நேரம் இருந்துவிட்டுச் சட்டென்று எழுவதும் வயதானவர்களை வீழ்த்துகின்றன. நடந்தாலே மூச்சு வாங்கும் அளவுக்கு இதயக் கோளாறு, வீக்கம் வரும் அளவுக்குச் சிறுநீரகக் கோளாறு, காய்ச்சல் இருந்தால் இறங்கவே கூடாது. மருத்துவரை முன்பே கேட்டுவிடுங்கள். கர்ப்பம் பழைய தடைப் பட்டியலில் இருந்தது. 2014-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

முழங்கால் வலிக்கு மூன்று இடம் பார்க்க வேண்டும். படுக்கை: தரையில் விரிக்கும் ஃபூட்டானிலிருந்து எழுவதுதான் மிகச் சிரமம், அதனால் டாடாமியும் கட்டிலும் சேர்ந்த ‘வயோஷிட்சு’ அறை கேளுங்கள். சாப்பாடு: மேசை நாற்காலி இருக்கை கேளுங்கள், இப்போது பல விடுதிகளில் உண்டு. குளியல்: தொட்டியில் கைப்பிடி இருக்கிறதா, உயரமான முக்காலி இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய மரக்கட்டட விடுதிகளில் லிப்ட் இருக்காது. கீழ்த்தள அறை வேண்டுமென்று எழுதுங்கள். அறையோடு கழிப்பறை உண்டா என்பதையும் உறுதிசெய்யுங்கள், பழைய இடங்களில் நடைக்கூடத்தில் பொதுவாக இருக்கும்.

இரவுச் சாப்பாடு ஒவ்வொரு பண்டமாக வரும்: முதலில் சின்னத் தொடக்கம், பிறகு பச்சை மீன் அல்லது அதற்குப் பதில் யூபா (சோயாப்பால் ஆடை), வேகவைத்தது, சுட்டது, பொரித்தது, புளிப்பு. சோறு, சூப், ஊறுகாய் மூன்றும் கடைசியில்தான். சோறில்லாமல் எப்படிச் சாப்பிடுவது என்று பெற்றோர் தவித்தால் முதலிலேயே கொண்டுவரச் சொல்லலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். “கோஹான் வோ சகினி ஒநேகாய்ஷிமாஸு” என்றால் போதும். தட்டின் ஓரத்தில் ஒரு சின்ன அடுப்பு இருக்கும், அடியில் மெழுகு மாதிரித் திட எரிபொருள். பணியாளர் பற்றவைப்பார், இருபது நிமிடத்துக்குள் தானே அணையும். அணையும்வரை மூடியைத் திறக்காமல் விடுங்கள். நடுவில் திறந்து பார்த்தால் உள்ளே அரைவேக்காடாகவே நின்றுவிடும். வீட்டுப் பொடி, ஊறுகாய் கொண்டுபோயிருந்தால் மேசைக்கு எடுத்து வராமல் அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சாப்பிடும் நேரத்தில் பணியாளர் அறைக்குள் வந்து படுக்கை விரிப்பார். அதனால் போகும்போது பெட்டிகளை ஓரத்தில் ஒதுக்கி, தரையைக் காலியாக விட்டுப் போங்கள். மெத்தை மெல்லியதாகத் தோன்றினால் இன்னொன்று கேட்டால் தருவார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. தலையணை சில இடங்களில் கோதுமைத் தவிடு மாதிரி சரசரக்கும். உள்ளே இருப்பது பக்வீட் என்ற தானியத்தின் உமி. பிடிக்காவிட்டால் மாற்றித் தருவார்கள்.

டிப்ஸ் கொடுக்க வேண்டாம். வற்புறுத்திக் கொடுத்தால் சங்கடப்படுவார்கள்.

காலைக் குளியல் பெரும்பாலும் 5 அல்லது 6 மணிக்குத் திறந்து 9, 9:30-க்கு மூடிவிடும். காலையில் கூட்டம் குறைவு, வெளிச்சத்தில் திறந்தவெளித் தொட்டி இன்னொரு அனுபவம்; கூச்சம் உள்ளவர்கள் பொதுக் குளியலை முயன்று பார்க்க இதுதான் ஏற்ற நேரம். சாப்பாடு 7:30 அல்லது 8 மணிக்கு. 10 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், 11 என்பது தாராளம். கிரெடிட் கார்டு எடுக்காத சின்ன ரியோகான்கள் இன்னும் இருக்கின்றன. குளியல் வரியும் தனிக் குளியல் கட்டணமும் பல இடங்களில் அங்கேயே ரொக்கமாக வாங்குவார்கள், கையில் 10,000 யென்னாவது வைத்திருங்கள்.

பெரிய பெட்டிகளை ஹக்கோனேவுக்குத் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம். டோக்கியோ ஹோட்டல் வரவேற்பில் ‘தக்யூபின்’ என்று சொல்லி, கியோட்டோ ஹோட்டலின் முகவரியையும் அங்கே தங்கத் தொடங்கும் தேதியையும் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் பெட்டி நேராக அங்கே போய்விடும், பொதுவாக மறுநாளே. மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை மட்டும் தோள்பையில் போதும். உடை, துவாலை, பல் துலக்கி எல்லாம் ரியோகானில் இருக்கும். புறப்படும் நாள் காலை எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும் என்பதை முந்தின இரவே வரவேற்பில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், ஹோட்டலுக்கு ஹோட்டல் அது மாறும்.